விரத வீட்டில் நோய் இல்லை

செப்டம்பர் 18, வியாழன்

பால் ஒன்றரை லிட்டர். கேஸ் இன்றோடு முப்பத்தோராம் நாள், இன்னும் எரிகிறது.

மாலையில் மன்றம். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வியாழன்தோறும் இருபத்தாறு பெண்கள் கூடிப் பாடுகிறோம். வருகைப் பதிவேடு பதினோரு வருடமாக என் கையில்தான். இன்று பாட்டு முடிந்ததும் ஓர் அறக்கட்டளையிலிருந்து மெர்சி மேடம் வந்து பேசினார். சர்க்கரை, பிரஷர், வீசிங், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று நாள்பட்ட நோய் உள்ள பெரியவர்களுக்கு மழைக்கால ஃப்ளூ வந்தால் சாதாரணக் காய்ச்சலாகப் போகாதாம். ஆஸ்பத்திரி வரை இழுத்துவிடுமாம். அதற்கு வருடத்துக்கு ஒரு தடுப்பூசி உண்டு. எங்கள் எட்டுத் தெருவில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர், அதில் இந்த வருட ஊசி போட்டவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். போடாதவர்களுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்து இலவசமாக ஊசி வரும். பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு வராது.

எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். மெர்சி மேடம், “வசந்தாமணி அம்மா நாலு தெரு, சுகந்தி அம்மா நாலு தெரு” என்றார்.

சுகந்தி கரூர்க்காரி. புருஷன் போய்ச் சேர்ந்தபின் இங்கே வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. மில் ரோட்டு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. மன்றத்தில் கடைசி வரிசையில் உட்காருவாள், சுருதி சேராது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இந்த வருடம் ஒன்பது வியாழன் வரவில்லை.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 20, சனி

மெர்சி மேடம் அரை நாள் சொல்லிக் கொடுத்தார். ஆளைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். ‘ஊசி போட்டீங்களா’ என்று மொட்டையாகக் கேட்காமல், எந்த மாதம், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். ஒருவர் பெயர் ஒரு முறைதான் வர வேண்டும், அதற்காகத்தான் போன் எண். மொத்த நோயாளிகள் கீழே, ஊசி போட்டவர்கள் மேலே, நூறால் பெருக்கினால் சதவீதம்.

சதவீதம் எனக்குப் புதிதில்லை. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். மகள் படித்தபோது அவள் தூங்கி எழுவதற்குள் அவள் கணக்குப் புத்தகத்தில் உள்ளதையெல்லாம் நான் போட்டு முடித்துவிடுவேன். சுகந்தி செல்போனில் தட்டித்தான் வகுத்தாள். நான் கையால் போட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தது. மேடம் அவளைப் பார்த்துத்தான் “கரெக்ட்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாமி விளக்கேற்றி, முதல் பக்கத்தில் எங்கள் வீட்டையே எழுதினேன்.

நாச்சிமுத்து, 54, அரிசி மில்லில் எடை பார்ப்பவர். நோய் இல்லை.
வசந்தாமணி, 49. நோய் இல்லை.

கிருத்திகை, சஷ்டி எதுவும் தவறாத வீடு. வாயைக் கட்டிய வீட்டில் நோய்க்கு என்ன வேலை?

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒரே நாளில் இரண்டு தெரு முடித்தேன். வாசலில் நின்று, நோட்டை விரித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஐந்து நோயையும் வாசிப்பேன். இருந்தால் இருக்கு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு வீட்டுக்கு நாலு நிமிஷம்.

எதிர்வீட்டுச் சரசக்கா, “எனக்கா? எனக்கு ஒரு கேடும் இல்ல கண்ணு. குத்துக்கல்லாட்டம் இருக்கறன்” என்றாள். அவள் பின்னால் ஜன்னலில் மாத்திரை அட்டை நாலு கிடந்தது. அவள் இல்லை என்கிறாள். நான் இல்லை என்று எழுதினேன். நோயை ஒப்புக்கொள்ள எல்லாருக்கும் கூச்சம் இருக்கத்தான் செய்யும். கட்டுப்பாடில்லாமல் தின்றதற்குச் சாட்சி அல்லவா.

சுகந்தி இன்றைக்கு ஆறே வீடுதானாம். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து காப்பி குடிக்கிறாளாம்.

செப்டம்பர் 27, சனி

சிலிண்டர் மாற்றியாயிற்று, முப்பத்தொன்பது நாள் வந்தது. இவர் மில்லிலிருந்து முக்கால் மணி நேரம் தாமதம். லேப் இருக்கிற பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததாகச் சரசக்கா சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

அக்டோபர் 1, புதன்

துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு.

‘வியாழன் 11 மணி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. போன தடவை மாதிரி மறந்துடாதீங்க. சுகந்தி.’

கையெழுத்து உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கிறது. போன தடவை என்றால் என்ன அர்த்தம்? லேபில் நோயாளிக்குத்தான் வேலை. நோயில்லாத மனுஷனுக்கு அங்கே என்ன வேலை?

சீட்டைக் காய வைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். முருகன் பார்த்துக்கொள்ளட்டும். ரசத்தில் இன்று உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். இவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். தப்பு செய்தவர்தான் அப்படிச் சாப்பிடுவார்.

அக்டோபர் 4, சனி

இரண்டு பட்டியலும் கொடுத்தோம்.

என்னுடையது: நோயாளிகள் 18, ஊசி போட்டவர்கள் 11. நூற்றுக்கு அறுபத்தொன்று.
அவளுடையது: நோயாளிகள் 64, ஊசி போட்டவர்கள் 14. நூற்றுக்கு இருபத்திரண்டு.

அறுபத்தொன்று! மண்டபத்தில் சத்தமாக வாசித்தார்கள். சுகந்தி தலை நிமிரவில்லை. நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரிச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மெர்சி மேடம் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஜனத்தொகை. அங்க அறுபத்து நாலு, இங்க பதினெட்டா? உங்க தெருக்காரங்க மட்டும் தனிக் குழாயில தண்ணி குடிக்கறாங்களா அம்மா?” என்றார்.

“எங்க பக்கம் விரதம் பிடிக்கறவங்க ஜாஸ்திங்க மேடம்” என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கோயிலுக்குப் போனேன். போகிற வழிதான் மில் ரோடு. கொஞ்சம் சுற்று, ஆனாலும் வழிதான்.

சுகந்தி எழுதின வீடுகளுக்கே மறுபடி போய்ச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். புளிய மரத்தடியில் நின்று கவனித்தேன். நோட்டு பைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து, “எனக்கு ஆறு வருஷமா சுகருங்க. தைராய்டு வேற. காலைல எந்திரிச்சா இந்தக் கால் மரக்கட்டை. உங்களுக்கு எப்படிங்க்கா?” என்கிறாள். அந்தப் பெண் உடனே புடவையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டுகிறாள்! இதுதான் இவள் கேட்கிற லட்சணம். தன் குறையைத் தானே கடை பரப்புகிறவளிடம் ஊர் என்னதான் சொல்லாது?

பிறகு சாப்பாட்டு மணி அடித்து மில் கேட் திறந்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள். இவரும் வந்தார். அவளிடம் என்னமோ சொல்லிச் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தேன். மகள் கல்யாணத்தன்று.

சாமி கும்பிடாமலே திரும்பிவிட்டேன். முருகா, மன்னிக்கணும்.

அக்டோபர் 10, வெள்ளி, கிருத்திகை

விரதம். வழக்கம்போல மில்லுக்கு லீவு போட்டு இவரும் என்னோடு விரதம் இருந்தார். மூன்று மணிக்கு இவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. “புழுக்கம்” என்றார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. “சித்த வெளிய போயிட்டு வர்றன்” என்று எழுந்து போனார். இருபது நிமிஷத்தில் தெளிந்து வந்தார். வாயில் கரும்புச் சாறு வாசம்.

“விரதத்தை உடச்சுட்டீங்களா?” என்றேன்.

துண்டால் வாயைத் துடைத்தார்.

“அங்க யாராவது இருந்தாங்களா?”

“எங்க?”

“சாறு கடையில.”

“கடைக்காரன் இருந்தான்” என்றார்.

அக்டோபர் 11, சனி

காலை பத்தேகாலுக்கு மெர்சி மேடம் போன். “அம்மா, ஒரே நம்பர் ரெண்டு லிஸ்ட்லயும் வருது. உங்க வீட்டுக்காரர் பேருதான். உங்க லிஸ்ட்ல நோய் இல்லைன்னு இருக்கு. சுகந்தி அம்மா மில்லுல கேட்டு எழுதினதுல சுகர் மூணு வருஷம், வீசிங், ஊசி போடலைன்னு இருக்கு. ஒண்ணை அடிக்கணும். எது சரி?”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை அணைக்கத் தோன்றவில்லை.

“அவ எழுதினது தப்புங்க” என்றேன்.

“நல்லா தெரியுமாம்மா? அடிச்சா அவர் பேருல ஊசி வராது. பதினேழாம் தேதி லிஸ்ட் மேல போயிடும்.”

“இருபத்தெட்டு வருஷமா நானுங்க குடும்பம் நடத்தறேன். எனக்குத் தெரியாம அவளுக்கென்ன தெரியும்?”

அடித்துவிட்டார். அடித்த சத்தம் போனில் கேட்ட மாதிரி இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

சுகந்தி வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. கயிற்றில் புடவை மூன்றுதான் காய்ந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

“எங்கூட்டுக்காரர் பேர என்ன தைரியத்துல எழுதின?”

“அவருங்க சொன்னாரு, எழுதினேங்க்கா.”

“என்ன சொன்னாரு? எப்ப சொன்னாரு? எத்தன நாளா சொல்றாரு?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, “அத நான் சொல்லக் கூடாதுங்க்கா. அவருகிட்டயே கேளுங்க” என்றாள். அப்புறம் மெதுவாக, “அந்தப் பேர அடிச்சுட்டதா மேடம் சொன்னாங்க. மழை புடிக்கறதுக்குள்ள திரும்ப எழுதச் சொல்லுங்க. போன மார்கழியில ரெண்டு வாட்டி மில்லுல மூச்சு முட்டி வாட்ச்மேன் ரூமுல உட்கார வச்சாங்க அவர” என்றாள்.

போன மார்கழி. விடியற்காலை எழுந்து கோலம் போட்டுப் பொங்கல் வைத்து, சர்க்கரைப் பொங்கல் முப்பது நாளும் இவருக்கு டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்தேன். ஒரு பருக்கை திரும்பி வந்ததில்லை. யார் தின்றார்களோ.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மில் வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்கிறது. சாறு கடைக்காரனுக்கும் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. பால் ஒன்றரை.

அக்டோபர் 14, செவ்வாய்

கேட்டுவிட்டேன். காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தவரிடம் தட்டை வைக்காமல் கேட்டேன்.

“எத்தன வருஷமுங்க?”

எதை என்று அவர் கேட்கவில்லை. “தைப்பூசம் வந்தா மூணு முடிஞ்சு நாலு” என்றார்.

“மாத்திரை?”

“மில்லுல, தராசுக்கு அடியில.”

“ஊருக்கெல்லாம் சொல்றீங்க. அந்தக் கரூர்க்காரிகிட்டச் சொல்றீங்க. கட்டினவகிட்டச் சொல்ல வாய் வரலயாக்கும்?”

“அவ ரத்தத்தப் பாத்தா. நம்பரச் சொன்னா. மாத்திரை எழுதிக் குடுக்கற டாக்டரு பேரச் சொன்னா. அவ்வளவுதான், வசந்தா. உன்கிட்டச் சொன்னா நம்பரோட நிக்காது.”

“என்ன நிக்காது?”

“எங்கண்ணன் காலை எடுத்தப்ப நீ என்ன சொன்ன?”

“என்ன சொன்னேன்?”

“நெனச்சுப் பாரு” என்றார். வெறும் வயிற்றோடு கிளம்பப் போனவரைப் பிடித்து உட்கார வைத்து நாலு இட்லி வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது, “விரதம் இருக்கற அன்னைக்கு மாத்திரையையும் போடறேன், சோத்தையும் விடறேன். அதனாலதான் நடுங்குது. முருகன் மேல தப்பில்ல” என்றார்.

எனக்கு அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை. பரணில் ஏறிப் பழைய டைரியை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆவணி. என் கையெழுத்துத்தான், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது.

‘பெரிய மச்சாண்டாருக்குச் சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனோம். வாயைக் கட்டாதவருக்கு ஆண்டவன் போட்ட கணக்கு என்று அவர் வீட்டு அக்காவிடம் சொன்னேன். அக்கா அழுதாள். ஆரஞ்சு ஒரு கிலோ.’

அக்டோபர் 15, புதன்

மெர்சி மேடத்துக்கு நாலு முறை போன் எடுத்து நாலு முறை வைத்துவிட்டேன். ஐந்தாவது முறை மணி அடிக்க விட்டேன்.

“மேடம், சுகந்தி எழுதினதுதான் சரி” என்றேன்.

இந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு பகல் ஆயிற்று.

மேடம் திட்டவில்லை. “அப்ப மத்த வீடும் அம்மா?” என்று மட்டும் கேட்டார். என் பட்டியல்படி என் நாலு தெருவுக்கு ஏழே ஊசி. பதினேழாம் தேதி காலை வரைக்கும் நேரம் தருகிறாராம். இன்று மத்தியானமே கிளம்பினேன். நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சுகந்தியைப் பார்த்துச் செய்யவில்லை. வெயிலில் நோட்டு சூடாகிறது என்பதற்காக.

முதலில் சரசக்கா. உள்ளே போய் உட்கார்ந்தேன். நாற்பது அடி தூரத்தில் இருக்கிற வீடு. உள்ளே உட்கார்ந்தது இதுவே முதல் தடவை என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது.

“எங்கூட்டுக்காரருக்குச் சுகருங்க்கா. வீசிங்கும் இருக்குது. ஊசி போடல” என்றேன்.

சரசக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “அடி ஆத்தே! உங்கூட்டுக்கேவா? விரத ஊட்டுக்கேவா?”

“விரத ஊட்டுக்கேதான்.”

 இடி மாதிரிச் சிரித்தாள். “அப்ப எழுதிக்கோ. சுகர் பன்னெண்டு வருஷம், பிரஷர் ஒம்பது, ஹார்ட்டுல ஒரு கம்பி வச்சிருக்குது. ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்மருமவளுக்கும் சுகர்தான், உன்கிட்டச் சொல்லிப்புடாதீங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. ஏய் புள்ள, வெளிய வா! இவ ஊட்டுலயும் இருக்குதாமா!”

காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். அந்த ஒரு வீட்டுக்கு ஐம்பது நிமிஷம்.

அக்டோபர் 16, வியாழன்

மன்றத்துக்குப் போகவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை. பதிவேட்டை வேறொருத்தியிடம் கொடுத்தனுப்பினேன். அதில் என் பெயருக்கு நேரே நானே ‘வரவில்லை’ என்று எழுதித்தான் கொடுத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்குள் நாலு தெருவும் முடிந்தது. கால் இரண்டும் விட்டுப்போயிற்று. எல்லா வீட்டிலும் எங்கள் வீட்டை முதலில் சொன்னேன். முதல் நாலு வீட்டில் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்புறம் பால் கணக்குச் சொல்கிற மாதிரி வந்துவிட்டது.

நோயாளிகள் 57, எங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்து. ஊசி போட்டவர்கள் 12. நூற்றுக்கு இருபத்தொன்று.

இவர் என் பட்டியலுக்கு வந்துவிட்டதால் சுகந்திக்கு 63 ஆயிற்று; 14. கையால் போட்டுப் பார்த்தேன், இரண்டு முறை. அவளுக்கு அப்பவும் இருபத்திரண்டு.

ஒன்று குறைவு. விட்டுப்போன யாராவது ஊசி போட்டவர் இருக்கிறாரா என்று மறுபடி எண்ணினேன். இல்லை. அப்படியே கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மகள் வரவில்லை, மாப்பிள்ளைக்கு வேலை. ஒரே ஒரு பலகாரம், முறுக்கு. இவர் இரண்டு தின்றார். கிச்சனில் நின்று எண்ணினேன்.

அக்டோபர் 22, புதன்

சஷ்டி தொடக்கம். ஆறு நாளும் நான் ஒருத்திதான் விரதம் இருப்பேன் என்று சொன்னேன். “உனக்கு மட்டும் புண்ணியமா?” என்றார். “உங்களுக்கு மூணு வேளை சாப்பாடு. அதுதான் இந்த வருஷம் உங்க விரதம்” என்றேன். பல் தெரியச் சிரிக்கவில்லை. ஆனால் மீசை அசைந்தது.

தராசுக்கு அடியில் இருந்த மாத்திரைகள் இப்போது உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காலை ஒன்று, மாலை ஒன்று. கணக்கு என்னிடம்.

அக்டோபர் 25, சனி

மண்டபத்தில் ஊசி. மேகம் மூடி, நின்று நின்று தூறல். என் தெருக்களுக்கு நாற்பத்தைந்து ஊசி வந்தது. முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். மீதி ஏழு பேருக்குத் திங்களன்று நானே போய் அழைத்து வர வேண்டும். சரசக்கா மருமகளை இழுத்துக்கொண்டு வந்தாள். “ஒறம்பரை சொந்தக்காரங்க ஊட்டுக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்ல” என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

ஊசி போடுவது நர்ஸ். பெயர் கூப்பிடுவது சுகந்தி. எனக்கு அட்டையில் தேதி எழுதுகிற வேலை. ‘நாச்சிமுத்து’ என்று அவள் கூப்பிட்டபோது குரல் என்னமோ மற்றவர்களைக் கூப்பிட்ட மாதிரித்தான் இருந்தது. கவனித்துக் கேட்டேன். இவர் சட்டைக் கையை மடிக்கத் தெரியாமல் மடித்தார். அவள் உதவப் போகிறாளோ என்று அட்டையைப் போட்டுவிட்டு எழுந்து போய் நானே மடித்துவிட்டேன்.

“அக்கா, நீங்களும் பிரஷர் பாத்துக்குங்க” என்றாள் சுகந்தி. “எனக்கொண்ணும் இல்ல” என்று வாய்வரை வந்தது. கையை நீட்டினேன். நூற்று ஐம்பத்தெட்டுக்கு நூறு. மறுபடி பார்த்தாள். அதேதான். “ஒரு வாரம் கழிச்சுத் திரும்பப் பாத்துட்டு டாக்டரப் பாருங்க்கா” என்று சொல்லிவிட்டு, சத்தமாகச் சொல்லாமல், எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் இவரிடம் நானே சொல்லிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன்.

இவளைப் பிடிக்கிறது என்று நான் எழுத மாட்டேன். வேலை தெரிந்தவள்.

அக்டோபர் 26, ஞாயிறு

பால் ஒன்றரை. மழை. சஷ்டி ஐந்தாம் நாள்.

காலை ஆறு பத்து. நான் அடுப்படியில் இருந்தேன். இவர் எழுந்து வந்து, நிலையில் சாய்ந்து நின்று, இடது தோளைப் பிடித்துக்கொண்டு, “வசந்தா, ஊசி போட்ட கை வலிக்குது” என்றார்.

பல் விளக்கவில்லை, வெளியே போகவில்லை, போனையும் தொடவில்லை. எழுந்ததும் நேரே என்னிடம்தான் வந்து சொன்னார். சுகந்திக்கு இன்னும் தெரியாது.